சான் ஹோசேயிலிருந்து ரெட்வுட் காட்டுக்கு: காலையில் கிளம்பி மாலையில் திரும்ப

சான் ஹோசே, சன்னிவேல், ஃப்ரீமாண்ட் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒரு மணி நேரக் கார் தூரத்தில், ஆயிரம் வருடத்தைத் தாண்டிய மரங்கள் நிற்கின்றன. சாண்டா குரூஸ் மலையில் உள்ள ஸ்டேட் பார்க்குகளுக்கு ஒரு சனிக்கிழமையில் போய்வந்துவிடலாம். ஆனால் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும் சமயத்தில், மூன்று பார்க்கையும் சாண்டா குரூஸ் கடற்கரையையும் ஒரே நாளில் பார்க்கக் கிளம்பிக் காரிலேயே பொழுதைக் கழித்துவிடுபவர்கள்தான் அதிகம். ஒரு நாளுக்கு ஒரு காடு போதும். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் பெயர் விஷயம். ரெட்வுட்டைச் செம்மரம் என்று பெரியவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்குச் செம்மரம் என்றால் சேஷாசலம் மலையில் வெட்டிக் கடத்தும் மரம். இது வேறு இனம், ஊசியிலை மரம். உலகிலேயே மிக உயரமாக வளரும் மரம் இதுதான்.

எந்தக் காடு, யாருக்கு

வயதானவர்களும் ஸ்ட்ரோலரில் குழந்தையும் இருந்தால் ஃபெல்டன் ஊரை ஒட்டிய ஹென்றி கோவெல் ரெட்வுட்ஸ் போதும், வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ரெட்வுட் குரோவ் என்ற சுற்றுப்பாதை 0.8 மைல்தான், முழுக்கச் சமதளம். சக்கர நாற்காலியும் ஓடும். பார்க்கிங், கழிவறை, தண்ணீர், விசிட்டர் சென்டர் எல்லாம் பாதை தொடங்கும் இடத்திலேயே உள்ளன. இந்தத் தோப்பில் கோடரி படவில்லை. உயரமான மரம் ஏறத்தாழ 277 அடி. ஃப்ரீமாண்ட் மரம் என்று ஒன்று அடியில் பொந்தாக இருக்கிறது. குனிந்து உள்ளே போனால் நிமிர்ந்து நிற்கலாம்.

அங்கே நின்று ஒன்றைக் கவனியுங்கள். பல இடங்களில் மரங்கள் வட்டமாக நிற்கும், நடுவில் வெற்றிடமோ பழைய அடிமரமோ இருக்கும். ரெட்வுட் விதையிலிருந்து முளைப்பது மட்டுமல்ல, வாழை மாதிரி அடியிலிருந்து கன்றும் விடும். தாய் மரம் போன பிறகு சுற்றிலும் எழுந்த கன்றுகள்தான் இன்று அந்த வட்டம். தரையில் கிடக்கும் காயை எடுத்துப் பாருங்கள்: இத்தனை பெரிய மரத்தின் காய் ஒரு நெல்லிக்காய் அளவுகூட வராது. பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள், வீட்டுக்குக் கொண்டுவர அனுமதி இல்லை. இந்தப் பார்க்கில் பச்சையமே இல்லாத வெள்ளை ரெட்வுட் குருத்துகளும் உண்டு. தாய் மரத்தின் வேரிலிருந்து உணவு வாங்கித்தான் அவை உயிர் வாழ்கின்றன. கண்ணில் பட்டால் கிள்ளாமல் விட்டுவிடுங்கள்.

எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், பாறை ஏற ஆசைப்படுகிறவர்கள் இருந்தால் காசில் ராக். இங்கே ரெட்வுட் முக்கியமில்லை, மணற்பாறைகள்தான் முக்கியம். உப்பும் ஈரமும் அரித்து அரித்துத் தேன்கூடு போலக் குழி விழுந்திருக்கும். டஃபோனி என்பார்கள். பிள்ளைகள் அந்தக் குழிகளில் புகுந்து உட்கார்ந்துவிட்டால் கிளப்புவது கஷ்டம்.

காடு எப்படி மீண்டு வருகிறது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு பிக் பேசின். 1902-இல் தொடங்கியது, கலிபோர்னியாவின் மிகப் பழைய ஸ்டேட் பார்க். 2020 ஆகஸ்டில் மின்னல் வைத்த தீ பார்க்கின் பெரும்பகுதியையும் பழைய கட்டடங்களையும் தின்றுவிட்டது. 2022 ஜூலையில் ஒரு பகுதியைத் திறந்தார்கள். கரிக்கட்டையாய்க் கறுத்த மரத்தின் உடல் முழுக்கப் பச்சை ரோமம் போலத் துளிர் அடர்ந்திருப்பதை இங்கே கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். பட்டை ஒரு அடிவரை தடிமன். அதில் பிசின் குறைவு, துவர்ப்பு அதிகம். அதனால் தீ உள்ளே எளிதில் இறங்குவதில்லை. பட்டைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த மொட்டுகள் தீக்குப் பின் விழித்துக்கொண்டன. நிழல் மட்டும் பழையபடி இல்லை. வெயில் நாளில் தொப்பி கட்டாயம்.

டப்ளின், சான் ரமோன் பக்கத்தவர்களுக்கு மலை தாண்டிப் போவதைவிட மவுண்ட் டியாப்ளோ அருகில். 3,849 அடி உச்சிவரை காரே போகும். மழை பெய்து வானம் கழுவிவிட்ட குளிர்கால நாளில் போனால் சியரா பனிமலைவரை தெரியும். கோடையில் வேண்டாம், நிழலே கிடையாது. இங்கே மதுவுக்குத் தடை உண்டு.

ஸ்டேட் ஃபாரஸ்ட் என்று தேடினால் சோக்கெல் டெமான்ஸ்ட்ரேஷன் ஸ்டேட் ஃபாரஸ்ட் வரும். அது பார்க் அல்ல. மாநிலத் தீயணைப்பு, வனத் துறையான கால் ஃபயர் நடத்தும் காடு, மவுண்டன் பைக் ஓட்டுகிறவர்களின் இடம். குடும்பத்தோடு போகத் தோதில்லை.

எப்போது கிளம்புவது

ஹைவே 17-தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கோடையில் சனி, ஞாயிறு காலை ஒன்பதரைக்கு மேல் கடற்கரைக்குப் போகும் கூட்டம் லாஸ் கேட்டோஸிலேயே அடைத்துக்கொள்ளும். எட்டு மணிக்குள் லாஸ் கேட்டோஸைத் தாண்டிவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். சன்னிவேலில் இருந்தால் ஏழரைக்குக் கார் நகர வேண்டும். ஏழரைக்குக் கார் நகர வேண்டுமானால் சாப்பாடு முந்தின இரவே கட்டியாகியிருக்க வேண்டும். ஞாயிறு மாலை மூன்றிலிருந்து ஆறுவரை அதே கூட்டம் வடக்கே திரும்பும். இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவது நல்லது.

நெரிசல் அதிகமானால் மேப் ஆப் பேர் கிரீக் ரோடு வழியாகத் திருப்பிவிடப் பார்க்கும். குறுகலான வளைவுப் பாதை. ஐந்து நிமிடம் மிச்சம் என்று காட்டினாலும் பின்சீட்டில் பிள்ளைகள் இருந்தால் மறுத்துவிடுங்கள்.

நவம்பரிலிருந்து மார்ச்வரை மழைக்காலம். காடு அப்போதுதான் அழகு: பாசி பளபளக்கும், காளான் முளைக்கும். ஆனால் புயல் மழைக்குப் பின் மரம் விழுந்தோ மண் சரிந்தோ ஹைவே 9 மூடிக்கிடப்பது சகஜம். கிளம்பும் நாள் காலையில் இரண்டு பார்க்க வேண்டும்: மாநிலச் சாலைத் துறையான கால்டிரான்ஸின் குவிக்மேப் பக்கத்தில் சாலை நிலவரம், பார்க்கின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் மூடல் அறிவிப்பு. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் தீ அபாயம் மிகுந்த நாட்களில் பார்க்கையே மூடுவது உண்டு.

கட்டணமும் பாஸும்

நாள் கட்டணம் இந்தப் பார்க்குகளில் காருக்குப் பத்து டாலர் அளவில் இருக்கும். ஒரு காரில் எத்தனை பேர் என்று பார்ப்பதில்லை. ஆகவே இரண்டு குடும்பம் சேர்ந்து போனால் மினிவேன் ஒன்றே சிக்கனம். உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் ஸ்டேட் பார்க் பாஸ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நூலக அட்டையைக் காட்டிப் புத்தகம் போல இரவல் வாங்கலாம். ஒன்பது பேருக்கு மிகாத வண்டி ஒன்றுக்கு நாள் கட்டணம் இல்லை. வார இறுதிக்கு வெள்ளிக்கிழமை போய்க் கேட்டால் கிடைக்காது. இரண்டு மூன்று வாரம் முன்பே ஹோல்டு போட்டு வையுங்கள். பார்க்கில் இந்தப் பாஸைக் காரின் பின்பார்வைக் கண்ணாடியில் மாட்டிவைக்க வேண்டும். வீட்டில் மறந்துவிட்டால் சொல்லித் தப்ப முடியாது.

பிக் பேசின் திறந்தபோது பார்க்கிங் இடம் குறைவு என்பதால் முன்பதிவு முறை கொண்டுவந்தார்கள். கிளம்பும் முன் அதன் பக்கத்தில் பார்த்து இடம் பிடித்துவிடுங்கள். பாஸ் இருப்பதால் இடம் உறுதி என்று ஆகாது. பதிவுச் சீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே சிக்னல் கிடையாது.

கேட்டில் ஆள் இல்லாத நேரத்தில் உண்டியல் மாதிரி ஓர் இரும்புக் குழாய் இருக்கும், பக்கத்தில் உறைகள். உறையில் தேதியும் நம்பர் பிளேட்டும் எழுதிப் பணத்தை வைத்து ஒட்டி, ஓரச் சீட்டைக் கிழித்துக்கொண்டு, உறையை உள்ளே போடவும். சீட்டு டாஷ்போர்டில் வெளியே தெரியும்படி இருக்க வேண்டும். சில்லறை திரும்ப வராது. ஒரு பேனாவும் பத்து டாலர் நோட்டும் குளோவ் பாக்ஸில் எப்போதும் கிடக்கட்டும். இருபது டாலர் நோட்டோடு வந்து நிற்பவர்கள்தான் இங்கே திணறுவார்கள்.

வழி

ஹென்றி கோவெலுக்கு ஹைவே 17-இல் ஸ்காட்ஸ் வேலியில் மவுண்ட் ஹெர்மன் ரோடு எக்ஸிட். அந்தச் சாலை கிரஹாம் ஹில் ரோட்டில் முட்டி முடியும்வரை போய், வலப்பக்கம் திரும்பி, அடுத்த சிக்னலில் ஹைவே 9-இல் இடப்பக்கம். ஃபெல்டன் கடைத்தெருவைத் தாண்டி அரை மைலில் இடப்புறம் நுழைவாயில். பலர் தவறுவது இங்கேதான்: இதே பார்க்கின் கேம்ப்கிரவுண்ட் கிரஹாம் ஹில் ரோட்டில் தனியாக, சில மைல் தள்ளி இருக்கிறது. மேப்பில் பார்க் பெயரை மட்டும் போட்டால் சில நேரம் அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். ‘ரெட்வுட் குரோவ் லூப்’ என்று போட்டுத் தேடுங்கள்.

காசில் ராக்குக்கு சாரடோகாவிலிருந்து ஹைவே 9-இல் ஏறி, உச்சியில் ஹைவே 35-ஐச் சந்திக்கும் சாரடோகா கேப்பில் இடப்பக்கம் திரும்பி இரண்டரை மைல். 2019-இல் திறந்த கிர்க்வுட் நுழைவாயில் வலப்புறம் வரும்.

பிக் பேசினுக்கு இரண்டு வழி. சாரடோகா வழியாக வந்து ஹைவே 236-இல் மேலிருந்து இறங்குவது மேப்பில் குறுக்குவழி. ஆனால் அந்தப் பகுதி ஒரு வண்டி அகலம்தான், எதிரே வருவது தெரியாத வளைவுகள். ஃபெல்டன், போல்டர் கிரீக் வழியாக வந்து கீழிருந்து 236-இல் ஏறுவது கொஞ்சம் சுற்று, ஆனாலும் சாலை அகலம். முதல் தடவை போகிறவர்கள் இந்த வழியிலேயே போங்கள். பெட்ரோல் போல்டர் கிரீக்கில் போட்டுக்கொள்ளலாம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மேப்பை ஆஃப்லைனாக இறக்கிவைப்பது வீட்டு வைஃபையில் செய்ய வேண்டிய வேலை. எந்தப் பார்க், எத்தனை மணிக்குத் திரும்புகிறோம் என்று வீட்டிலோ நண்பரிடமோ சொல்லிவிட்டுப் போங்கள்.

மலைப்பாதையில்

ஹைவே 17-இல் நான்கு லேன் இருப்பதால் ஃப்ரீவே மாதிரித் தோன்றும். ஃப்ரீவே அல்ல. வளைவுகள் கூர்மை, ஓரம் கிடையாது, நடுவில் கான்கிரீட் சுவர். மழை நாளில் விபத்து நடப்பது இறக்க வளைவுகளில்தான். வலது லேனில், முன்வண்டிக்கு மூன்று நான்கு விநாடி இடைவெளி விட்டு இறங்குங்கள்.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறிப் பிடி தளரும், கருகிய வாசனை வரும். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியரை எல் (L) அல்லது பி (B; பார்க்கிங்கின் P அல்ல) நிலைக்குத் தட்டிவிட்டால் எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். வாசனை வந்துவிட்டால் பிரேக் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கிப் பதினைந்து இருபது நிமிடம் ஆற விடுங்கள். எலெக்ட்ரிக் கார் என்றால் ஏற்றத்தில் சார்ஜ் வேகமாக இறங்கும், திரும்பும்போது கொஞ்சம் ஏறும். போகும்போது இறங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம். பாதிக்கு மேல் சார்ஜோடு கிளம்பினால் போதும்.

இருவழிச் சாலையில் மெதுவாகப் போகும் வண்டிக்குப் பின்னால் ஐந்து வண்டி சேர்ந்துவிட்டால், டர்ன்அவுட் எனப்படும் சாலையோர ஒதுங்கிடத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது கலிபோர்னியா சட்டம். ஐந்து சேரும்வரை காத்திருக்காமல் இரண்டு மூன்று பேர் வந்ததுமே ஒதுங்கிவிடுங்கள். பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு வருகிறார் என்று வேகத்தைக் கூட்டுவதுதான் ஆபத்து.

வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். கிளம்பும் முன் பூரி, பொங்கல் வேண்டாம், இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் ஆகாது. போனும் டேப்லெட்டும் மலையடிவாரத்திலேயே வாங்கிவைக்கவும், கண் முன்சாலையைப் பார்க்க வேண்டும். சன்னலை இரண்டு விரல் இறக்கிவிடுங்கள். இஞ்சி மிட்டாய் பலருக்கும் உதவும். ஓட்டை இல்லாத இரண்டு பை, ஈரத் துணி, மாற்றுச் சட்டை ஆகியவை டிக்கியில் அல்ல, கைக்கெட்டும் இடத்தில்.

பார்க்கிங்கில் கண்ணாடி உடைத்துத் திருடுவது நடக்கிறது. லேப்டாப் பை, கைப்பை எதையும் வீட்டிலிருந்தே கொண்டுவராதீர்கள். கொண்டுவந்தே ஆக வேண்டுமானால் கிளம்பும்போதே டிக்கியில் வைத்துவிடுங்கள். அங்கே வந்து டிக்கியைத் திறந்து வைப்பதைப் பார்ப்பதற்கென்றே ஆள் நிற்கலாம்.

கட்டுச்சோறு

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காக்கைக்கு ஒரு பிடி வைத்துவிட்டுச் சாப்பிடுவது நம் பழக்கம். ரெட்வுட் காட்டில் அந்த ஒரு பிடியை வைக்கவே கூடாது. காரணம் மார்பில்டு மர்லெட் என்ற சிறு கடற்பறவை. கடலில் மீன் பிடித்து வாழும் இது, முட்டையிட மட்டும் உள்நாட்டுக்குப் பறந்து வந்து, பழங்காட்டு மரங்களின் உச்சியில் பாசி படர்ந்த பருத்த கிளையில் ஒரே ஒரு முட்டை இடும். கூடு கட்டுவதில்லை. இந்தப் பறவை எங்கே முட்டையிடுகிறது என்றே நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. 1974-இல் பிக் பேசினில் ஒரு டக்ளஸ் ஃபர் மரத்தில் ஏறி வேலை செய்த தொழிலாளி தற்செயலாகக் குஞ்சைக் கண்டார்.

பிக்னிக் மேஜையருகில் நீல உடலும் கறுப்புக் கொண்டையுமாக வந்து குதிக்கும் ஸ்டெல்லர்ஸ் ஜே, காக்கைக் குடும்பம். அண்டங்காக்கையும் வரும். சிந்திய சோறு கிடைக்கும் இடத்தை இவை மறப்பதில்லை. அங்கேயே தங்கிப் பெருகும். மேஜைக்கு மேலே கிளையில் இருக்கும் மர்லெட் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். வருடத்துக்கு ஒரு முட்டையிடும் பறவைக்கு அந்த ஒன்று போனால் அந்த வருடமே போயிற்று. அதனால்தான் இந்தப் பார்க்குகளில் ஒரு பருக்கைகூடச் சிந்தக் கூடாது என்று போர்டு வைத்திருக்கிறார்கள்.

எனவே உதிராத சாப்பாடாகக் கட்டுங்கள். எண்ணெயில் குழைத்த பொடி தடவிய இட்லி, சப்பாத்தி ரோல், இறுகிய தயிர் சாதம் மூன்றும் சரி. புளியோதரை நன்றாக இருக்கும், ஆனால் பொலபொலவென்று உதிர்த்தால் பருக்கையும் வேர்க்கடலையும் பலகை இடுக்கில் விழும்; கொஞ்சம் குழைவாகவே கிளறுங்கள். மிக்சர், ஓமப்பொடி, முறுக்கு எல்லாம் காருக்குள் மட்டும். மேஜை மேல் பெரிய பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, முடிந்ததும் நான்கு மூலையையும் சேர்த்து மடித்துக் குப்பைப் பைக்குள் உதறுங்கள். பிறகு குனிந்து பெஞ்சுக்கு அடியிலும் பாருங்கள், சிறு பிள்ளைகள் உட்கார்ந்த இடத்தில் கட்டாயம் ஏதாவது கிடக்கும். டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போனால் ஜே மூடியைத் தள்ளி எடுத்துக்கொண்டு போய்விடும்.

பைப்படியில் டப்பா கழுவுவதும் வாய் கொப்பளிப்பதும் கூடாது, பருக்கை அங்கேயும் சேரும். கைகழுவத் தனியாக ஒரு கேலன் தண்ணீர் கொண்டுவாருங்கள். குடிக்க, நடக்கும் ஒரு மணி நேரத்துக்கு ஆளுக்கு அரை லிட்டர். நான்கு பேர் நான்கு மணி நேரத்துக்கு எட்டு லிட்டர், அதாவது இரண்டு கேலனுக்குச் சற்று மேல். பிக் பேசினில் தீக்குப் பிறகு வசதிகள் குறைவு. தண்ணீர் முழுவதும் கையோடு போக வேண்டும்.

நடக்கும்போது

பாய்சன் ஓக் என்ற விஷச்செடியை அடையாளம் கண்டுகொண்ட பிறகே பிள்ளைகளைப் பாதையில் விடுங்கள். ஒரு காம்புக்கு மூன்று இலை, பளபளப்பு, கோடை முடிவில் சிவப்பு. குளிர்காலத்தில் இலை உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும்போதும் அதே விஷம்தான். பெயரில் ஓக் இருந்தாலும் இது மா, முந்திரி குடும்பம். சேங்கொட்டைப் பால் பட்டால் எப்படிக் கொப்பளிக்குமோ அதே மாதிரி. மாம்பால் பட்டு உதடு வெடிக்கிறவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். பட்டுவிட்டதாகத் தோன்றினால் தேய்க்காமல், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் பாத்திரம் கழுவும் சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். எண்ணெய்ப் பசை ஷூ நாடாவிலும் கைப்பிடித் தடியிலும் ஒட்டி நிற்கும். இரண்டு நாள் கழித்து ஷூவைக் கழற்றும்போது கையில் வருவது அப்படித்தான்.

மழைக்காலத்தில் பாதையைக் கடக்கும் ஆரஞ்சு வயிற்று நியூட்டை (பல்லி போலத் தெரியும், தவளை வகையைச் சேர்ந்த நீர்நில உயிரி) கையில் எடுக்க வேண்டாம், தோலில் கடும் விஷம் உண்டு. மழை பெய்த ஒன்றிரண்டு நாளைக்குக் காசில் ராக்கில் பாறை ஏறக் கூடாது. வெளியே காய்ந்தாற்போல் தெரிந்தாலும் மணற்பாறை உள்ளே ஈரம் குடித்துப் பலமிழந்திருக்கும், பிடித்த விளிம்பு கையோடு வந்துவிடும்.

கோடையிலும் ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர். பார்க்கிங்கில் வெயில் காயும்போது தோப்புக்குள் குளிரும். செருப்பு வேண்டாம், சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூ போதும். வளர்ப்பு நாயைக் கூட்டிப்போக எண்ணினால் முன்பே விதியைப் பாருங்கள், பெரும்பாலான காட்டுப்பாதைகளில் நாய்க்கு அனுமதி இல்லை.

சூரியன் மறையும்போது கேட்டைப் பூட்டுவார்கள். டிசம்பரில் அது ஐந்து மணிக்கு முன்பே. மரங்களுக்கு இடையில் அதற்கும் அரை மணி நேரம் முன்பே இருட்டிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் உடுப்புகளை நேராக வாஷிங் மெஷினில் போட்டு, எல்லாரையும் குளிக்கச் சொல்லுங்கள். முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டி, அக்குள், காதின் பின்புறம், தலைமுடிக்குள் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். வசந்த காலத்து இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். ஒட்டியிருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்கவும். தீக்குச்சியால் சுடுவதோ எண்ணெய் தடவுவதோ வேண்டாம். தேதியைக் குறித்துவையுங்கள், அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ, பரவும் சிவப்புத் தடிப்போ வந்தால் டாக்டரிடம் அந்தத் தேதியைச் சொல்ல வேண்டும். நூலகப் பாஸ் காரின் கண்ணாடியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அதை எடுத்து வாசலில் சாவிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், அடுத்த வார இறுதிக்கு வேறொரு குடும்பம் ஹோல்டு போட்டுக் காத்திருக்கும்.